மூஸ் ஜாவில் எதைப் பார்ப்பது, எதை நம்புவது

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இருக்கும் ரெஜைனாவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குடும்பத்தோடு ஒரு நாள் மூஸ் ஜாவுக்குப் போய்வரலாம் என்றிருக்கிறோம். எல்லோரும் சுரங்கப்பாதையைப் பாருங்கள் என்கிறார்கள். சிகாகோ தாதா ஆல் கபோன் அங்கே ஒளிந்திருந்தது உண்மையா? அதைத் தவிர அந்தச் சின்ன ஊரில் பழைய கட்டடம், பார்க்கத் தகுந்த இடம் என்று ஏதாவது இருக்கிறதா?”

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுரங்கப்பாதைக்குப் போகலாம்; பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆல் கபோன் அந்த ஊருக்கு வந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பழைய கட்டடங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றில் பலவற்றை டிக்கெட் இல்லாமல் நடைபாதையில் நின்றபடியே பார்த்துவிடலாம் என்பதால் அவற்றுக்கு விளம்பரம் குறைவு. என் அபிப்பிராயத்தில் மூஸ் ஜாவின் வரலாறு தரைக்கு மேலே செங்கல்லிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு காட்டப்படுவது தரைக்குக் கீழே இருக்கும் கதை. இரண்டையும் பாருங்கள். இரண்டையும் ஒன்றென்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

ரெஜைனாவிலிருந்து டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். ஊருக்குள் நுழைந்ததும் நேராக மெயின் தெருவின் தெற்குக் கோடிக்குப் போய்க் காரை நிறுத்துங்கள். மனிட்டோபா தெருவில், மெயின் தெரு முழுவதையும் பார்த்தபடி நிற்கிறது பழைய கனேடியன் பசிபிக் ரயில் நிலையம். ஊரைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் ரயில் வந்த பிறகுதான் ஊர் வந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் வழியெங்கும் தேவை. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை எஞ்சினையும் ஓட்டுநரையும் மாற்றியாக வேண்டும். தண்ணீர் அரிதான இந்தப் புல்வெளிச் சமவெளியில், மூஸ் ஜா ஆறும் தண்டர் கிரீக் என்ற ஓடையும் கூடும் இடம் ரயில்வேக்காரர்களின் கண்ணில் பட்டது. 1882இல் தண்டவாளம் வந்தது, கோட்டத் தலைமையிடம் அமைந்தது. 1903இல் நகர அந்தஸ்து கிடைத்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 1,558 பேர். 1911இல் 13,823 பேர். பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இன்றைய மக்கள்தொகை 34 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூற்றாண்டுக்கு முன் அந்த ஊர் எந்த வேகத்தில் ஓடியது, பிறகு எப்படி நின்றது என்பது அதிலேயே தெரியும். நீங்கள் பார்க்கப்போகும் கட்டடங்களில் பெரும்பகுதி அந்த ஓட்டத்தின்போது கட்டப்பட்டவை. நாளை நாம் பெருநகரம் ஆகிவிடுவோம் என்று நம்பியவர்களின் அளவுகோலில் எழுந்தவை. சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடங்கள் எதற்கு என்ற கேள்வி உங்களுக்கு எழுந்தால் விடை இதுதான்.

இன்றைக்கு நிற்கும் ரயில் நிலையம் 1920க்கும் 1922க்கும் இடையில் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் ஹியூ ஜோன்ஸ். கடிகாரம் பதித்த உயரமான சதுரக் கோபுரம்தான் அதன் அடையாளம். மெயின் தெருவில் எங்கே நின்று தெற்கே பார்த்தாலும் பார்வை இந்தக் கோபுரத்தில்தான் போய் முட்டும். இது தற்செயல் இல்லை. தெருக்களைக் கோடு போட்டுப் பிரித்து மனைகளாக விற்றதே ரயில்வேதான். முக்கியத் தெரு தன் வாசலில் வந்து முடியும்படி அது ஊரை வரைந்துகொண்டது. சமவெளி ஊர்கள் பலவற்றில் இதே அமைப்பைப் பார்க்கலாம், ஆனால் இவ்வளவு துலக்கமாக எங்கும் பார்த்ததில்லை. 1990 ஜனவரியில் நாடு கடக்கும் பயணிகள் ரயில் வேறு பாதைக்கு மாற்றப்பட்டது. அதோடு மூஸ் ஜாவில் பயணிகள் ஏறி இறங்குவது முடிந்துபோனது. பின்னால் அந்த நிலையக் கட்டடத்தில் மதுக்கடை ஒன்று நடந்துவந்தது. மதுவிலக்குக் காலத்துக் கடத்தல் கதைகளை விற்றுப் பிழைக்கும் ஊரில் இது பொருத்தமா, கிண்டலா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். சரக்கு ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. நிலையத்தின் பின்பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டி ஒன்று கடந்துபோவதைப் பார்க்கலாம்; பிள்ளைகளை அதற்குப் பிறகு அங்கிருந்து கிளப்புவது கடினம்.

நிலையத்துக்கு முதுகைக் காட்டி வடக்கே நடக்கத் தொடங்குங்கள். மெயின் தெருவில் 1920களின் இறுதியில் எழுந்த கிராண்ட் ஹால் ஹோட்டல் இருக்கிறது. கிராண்ட் ஹால் என்பது கனேடியன் பசிபிக்கின் துணைத் தலைவராக இருந்தவரின் பெயர். ஹோட்டலுக்குப் பெயர் வைக்கும்போதுகூட ஊருக்கு ரயில்வே நினைப்புதான். நீண்ட காலம் பூட்டிக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. மணிக்கூண்டோடு நிற்கும் நகராட்சிக் கட்டடம் முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் தபால் நிலையமாகக் கட்டப்பட்டது. சற்றுத் தள்ளி 1916இல் ஆலன் தியேட்டர் என்ற பெயரில் திறக்கப்பட்ட திரையரங்கு. கனடா முழுவதும் திரையரங்குகள் வைத்திருந்த ஆலன் சகோதரர்களுடையது. பிறகு கேபிடல் ஆனது. இப்போது மே வில்சன் தியேட்டர் என்ற பெயரில் 2004இல் திறக்கப்பட்ட கலாசார மையத்தின் ஒரு பகுதியாக நடக்கிறது. நாடகமோ கச்சேரியோ இருக்கும் நாளில் போனால் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பூட்டியிருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, வெளிமுகப்பு சாதாரணம்தான்.

நடக்கும் வழியில் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைக் காண்பீர்கள். ஊரின் பழைய காட்சிகளை நாற்பதுக்கும் மேற்பட்ட சுவர்களில் வரைந்து வைத்திருக்கிறார்கள். சில நன்றாக இருக்கின்றன. சில, கட்டடத்தை இடித்துவிட்டு அதன் படத்தைப் பக்கத்துச் சுவரில் மாட்டியது போன்ற எரிச்சலைத் தருகின்றன.

நான் ஊரில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் காட்டலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால் ஒமினிக்கா தெருவில் இருக்கும் நீதிமன்றத்துக்குத்தான் கூட்டிப்போவேன். 1908, 1909 ஆண்டுகளில் கட்டப்பட்டது. டொராண்டோவின் பெயர்பெற்ற டார்லிங் அண்ட் பியர்சன் நிறுவனத்தின் வடிவமைப்பு. சஸ்காட்செவன் தனி மாகாணமானதே 1905இல்தான். நான்கே ஆண்டுகளில் இப்படி ஒரு நீதிமன்றம் எழும்பியிருக்கிறது. மாகாணத்தில் இன்றும் நீதிமன்றமாகவே இயங்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் உண்டு. சிவப்புச் செங்கல் சுவர், வெளிர்நிறக் கல் வேலைப்பாடு, இருபக்கமும் ஒத்த அளவில் அமைந்த முகப்பு. புல்லும் சேறும் மரப்பலகை வீடுகளுமாக இருந்த ஊரில், சட்டம் வந்துவிட்டது என்று அறிவிக்கவே இந்தத் தோரணை. அரசு புதிதாக இருந்தால் கட்டடம் பழையது போலத் தோன்ற வேண்டும் என்பது அக்காலத்து ஆட்சியாளர்களின் கணக்கு.

சட்டம் என்றதும் சுரங்கப்பாதைக்கு வர வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை வழிகாட்டிப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

“மூஸ் ஜா சுரங்கங்கள்” என்ற பெயரில் 2000ஆம் ஆண்டிலிருந்து சுற்றுலா நடக்கிறது. வேடமிட்ட நடிகர்கள் உங்களை நிலத்தடி அறைகள் வழியே கூட்டிப்போவார்கள். ஒரு சுற்றில் சிகாகோ தாதாக்களின் மதுக் கடத்தல். இன்னொன்றில், தலைவரிக்கு (நாட்டுக்குள் நுழையச் சீனர்கள் மீது விதித்த வரி) பயந்து நிலத்தடியில் ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சீனத் தொழிலாளர்கள். நாடகமாகப் பார்த்தால் நல்ல நாடகம். நடிகர்கள் கெட்டிக்காரர்கள், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

வரலாறாக எடுத்துக்கொள்வதென்றால் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிலத்தடியில் அறைகளும் வழிகளும் இருந்தது உண்மை. குளிர்காலத்தில் மைனஸ் முப்பதுக்குக் கீழே போகும் ஊர் இது. அக்காலத்து வணிகக் கட்டடங்களின் அடித்தளத்தில் கொதிகலன் இருக்கும், நிலக்கரி கொட்டி வைக்கும் அறை நடைபாதைக்கு அடியில் நீண்டிருக்கும், நீராவிக் குழாய்கள் போக வழி இருக்கும், பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கதவும் இருக்கும். பிற்காலத்தில் யாராவது தோண்டும்போது இவை வெளிப்பட்டால் சுரங்கம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

மதுக் கடத்தல் நடந்ததும் உண்மை. சஸ்காட்செவனில் 1915இல் மதுக்கூடங்கள் மூடப்பட்டன. அரசு மதுக்கடைகள் 1925இல்தான் திறந்தன. அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை. எல்லையை ஒட்டிய தெற்கு சஸ்காட்செவனில் சரக்கு கைமாறிக்கொண்டே இருந்தது. 1922 அக்டோபரில் பியென்ஃபே என்ற எல்லைப்புற ஊரின் ரயில் நிலையத்தில் பால் மாட்டாஃப் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில் மது வணிகத்தில் உலகப் புகழ் பெற்ற பிரான்ஃப்மன் குடும்பத்தின் மைத்துனர் அவர். இதற்கெல்லாம் பதிவு இருக்கிறது. மூஸ் ஜாவின் ரிவர் தெரு சூதாட்டத்துக்கும் விபசாரத்துக்கும் பேர்போனது என்பதற்கும் சாட்சி நிறைய உண்டு. அமெரிக்காவின் சூ லைன் ரயில்பாதை 1893லேயே இங்கு வந்து சேர்ந்துவிட்டதால் சிகாகோவுக்கு நேரடித் தொடர்பும் இருந்தது. “குட்டிச் சிகாகோ” என்ற பட்டப்பெயர் காரணமில்லாமல் வரவில்லை. இத்தனை இருந்தும் கபோன் வந்தார் என்பதற்கு ஒரு ஹோட்டல் பதிவேடோ, போலீஸ் குறிப்போ, அக்காலத்துப் பத்திரிகைச் செய்தியோ கிடையாது. என் தாத்தா பார்த்தார், எங்கள் ஊர் முடிதிருத்துபவர் சவரம் செய்துவிட்டார் என்ற வகைச் செவிவழிக் கதைகள்தான். கனடாவைப் பற்றிக் கேட்டபோது “அது எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது” என்று கபோன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. தாதாவின் வாக்குமூலத்தை நம்ப வேண்டியதில்லைதான், ஆனால் எதிர்த்தரப்புக்கும் கையில் எதுவும் இல்லை.

மூன்றாவது விஷயம் சீனர்களுடையது. சீனர்கள் மீது விதித்த தலைவரி உண்மையிலும் உண்மை. கனேடியன் பசிபிக் பாதையை மலைகளுக்குள் போட ஆயிரக்கணக்கில் சீனத் தொழிலாளர்களை இறக்கினார்கள். 1885இல் பாதை முடிந்தது. அதே ஆண்டில் சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டாலர் நுழைவு வரி வந்தது. பிறகு அது 100 டாலராகி, 1903இல் 500 டாலரானது. 1923இல் நுழைவையே ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கும் சட்டம் வந்தது, அது 1947வரை நீடித்தது. 2006இல்தான் கனடா அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த வரி கப்பலைவிட்டு இறங்கும் துறைமுகத்திலேயே வசூலிக்கப்பட்டது. கட்டியவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. மூஸ் ஜாவரை வந்து சேர்ந்த ஒருவர் அதற்காகக் கூட்டம் கூட்டமாக நிலத்தடியில் குடியிருக்க வேண்டிய அவசியம் என்ன? சலவைக் கடைக் கொதிகலன் அறைகளில் அவர்கள் வேலை செய்திருப்பார்கள், அங்கேயே படுத்தும் இருப்பார்கள். அதைத் தாண்டி ஒரு நிலத்தடிச் சீன நகரமே இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஓரிகனின் பெண்டில்டன், மொன்டானாவின் ஹாவ்ர் முதலிய ஊர்களிலும் நிலத்தடிச் சுற்றுலா நடக்கிறது, அங்கேயும் இதே சாயலில் சீனர் கதைகள் புழங்குகின்றன. மேற்குப் பகுதி நகரங்களில் இது ஒரு வாடிக்கையான கதை வடிவம்.

மூஸ் ஜாவின் சீனர்கள் வாழ்ந்தது தெருவில், பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களிலும் சலவைக் கடைகளிலும். அவர்கள் மீதான கொடுமையும் பட்டப்பகலில், அரசிதழில் அச்சிட்டு நடந்தது. 1912இல் சஸ்காட்செவன் சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது: சீனரோ ஜப்பானியரோ பிற கீழைநாட்டவரோ நடத்தும் உணவகம், சலவைக் கடை, கேளிக்கை இடம் எதிலும் வெள்ளைக்காரப் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவர் மூஸ் ஜாவில் உணவகம் நடத்திவந்த க்வாங் விங். வெள்ளைக்காரப் பெண்கள் இருவரைப் பரிசாரகர்களாக வேலைக்கு வைத்தது அவர் செய்த குற்றம். அவர் முறைப்படி குடியுரிமை பெற்ற பிரிட்டிஷ் பிரஜை. விடவில்லை, மாகாண நீதிமன்றத்தைத் தாண்டி கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1914இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. நீதிபதிகளில் ஜான் இடிங்டன் மட்டும் மாறுபட்டார். இதற்கிடையில் 1913லேயே ஜப்பான் அரசின் ஆட்சேபத்தால் ஜப்பானியர் பெயர் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. சீனர்களுக்காகக் குரல் கொடுக்க அப்படி வலுவுள்ள அரசு இல்லை. உங்கள் ரெஜைனாவிலும் 1920களில் யீ க்லன் என்ற உணவக உரிமையாளர் இதே பிரச்சினைக்காக நகராட்சியோடு வழக்காடினார்.

க்வாங் விங் வழக்கு கனடாவின் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நான் ஒவ்வொரு முறையும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது, நிலத்தடியில் ஒளிந்திருந்ததாகக் கற்பனை செய்யப்பட்டவருக்கு இத்தனை நடிகர்கள், உச்ச நீதிமன்றம்வரை நிமிர்ந்து நடந்தவருக்கு ஒரு சுற்றுலாகூட இல்லையே என்றுதான் தோன்றும். சுரங்கத்துக்குப் போவதாக இருந்தால் போவதற்கு முன் பிள்ளைகளுக்கு இந்த வழக்கைச் சொல்லிவிடுங்கள்.

ரிவர் தெருவில் இப்போது பார்க்க அதிகம் இல்லை. வரிசையாக நின்ற பழைய விடுதிகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. கதையை விற்கிற ஊர் கதை நடந்த கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கலாம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு கிரசென்ட் பூங்காவில் இளைப்பாறுங்கள். நடு ஊரில் 28 ஏக்கர், நிழலுள்ள மரங்கள், ஓடை. பூங்காவுக்குள் 1913ஆம் ஆண்டு நூலகக் கட்டடம் இருக்கிறது. அதையொட்டி அருங்காட்சியகமும் ஓவியக் கூடமும். பூங்காவில் ஒரு விநோதமும் உண்டு. 1910இல் எரிவாயு தேடி ஆழ்துளை போட்டபோது வெந்நீர் வந்தது. 1932இல், பொருளாதார மந்தத்தில் ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டிய நேரத்தில், அந்தத் தாதுநீரை வைத்து பூங்காவில் நீச்சல் குளக் கட்டடம் கட்டினார்கள். 1950களில் அந்தக் கிணறு கைவிடப்பட்டது. பிறகு புதிதாகத் துளையிட்டுத் தண்ணீர் எடுத்து, 1996இல் டெம்பிள் கார்டன்ஸ் என்ற வெந்நீர்க் குளியல் விடுதியைத் திறந்தார்கள். அந்தப் பெயர் 1920களில் ஊரில் புகழோடு இருந்த நடனக் கூடத்தின் பெயர். குளிர்காலத்தில் மொட்டைமாடிக் குளத்தில் கழுத்துவரை வெந்நீரும் தலைமுடியில் உறைபனியுமாக இருப்பது நன்றாகத்தான் இருக்கும். செலவு அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டடமே இல்லாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். 1954 ஏப்ரல் 8 அன்று இந்த ஊரின் வானத்தில் டிரான்ஸ்-கனடா ஏர்லைன்ஸ் பயணிகள் விமானமும் விமானப்படையின் ஹார்வர்டு பயிற்சி விமானமும் மோதிக்கொண்டன. விமானங்களில் இருந்த 36 பேரும், கீழே வீடு ஒன்றில் இருந்த ஒரு பெண்ணும் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்த பள்ளிக்கூடம் ஒன்று மயிரிழையில் தப்பியது. 1940இல் போருக்காகத் தொடங்கிய பயிற்சித் தளம் இன்றும் ஊருக்குத் தெற்கே இயங்குகிறது. ஸ்னோபேர்ட்ஸ் என்ற வான்சாகசக் குழுவின் தாயகம் அதுதான். கோடையில் தலைக்கு மேல் ஒன்பது விமானங்கள் ஒரே அணியாகப் பறந்தால் திகைக்க வேண்டாம்.

ஊரின் நுழைவாயிலில் நிற்கும் மேக் என்ற மூஸ் மான் சிலையைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். 1984இல் சிற்பி டான் ஃபோல்ட்ஸ் இரும்புச் சட்டத்தின்மேல் கம்பி வலையும் சிமெண்டும் பூசிச் செய்தது. எடை பத்து டன். உயரம் 9.8 மீட்டர், உலகிலேயே பெரிய மூஸ் சிலை என்ற பெருமையோடு முப்பது ஆண்டுகள் நிம்மதியாக நின்றது. 2015இல் நார்வேயின் ஸ்டோர்-எல்வ்டால் என்ற ஊர் பளபளக்கும் எஃகில் ஒரு மூஸ் சிலையை நிறுத்தியது. அது முப்பது சென்டிமீட்டர் கூடுதல் உயரம், வேண்டுமென்றே! 2019இல் விஷயம் வெளியே வெடித்தது. இரண்டு ஊர் நகராட்சிகளும் அறிக்கை விட்டன, உலகப் பத்திரிகைகள் எழுதின, நார்வேயின் துணை மேயர் மூஸ் ஜாவுக்கே வந்து சமாதானம் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் மேக்குக்குப் பெரிய கொம்புகள் பொருத்தி 10.36 மீட்டராக்கினார்கள். கலைப்படைப்பாகப் பார்த்தால் நார்வேக்காரருடையதுதான் மேல். ஊர்ப் பாசத்தில் பார்த்தால் மேக். படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒன்று: 1914இல் மத்திய அரசு கட்டிய கான்கிரீட் தானியக் களஞ்சியம். அலங்காரம் எதுவும் இல்லாத சாம்பல்நிற உருளைகளின் வரிசை, கிட்டத்தட்ட முப்பத்தைந்து லட்சம் புஷல் கோதுமை கொள்ளும்படி தொடங்கியது. சமவெளியின் அடையாளம் என்று படங்களில் வரும் மரக் களஞ்சியங்கள் 1933இல் மேற்குக் கனடாவில் 5,758 இருந்தன; இன்று அவற்றில் மிகச் சிலதான் மிச்சம். இந்தக் கான்கிரீட் பூதம் நிற்கிறது. கோதுமைதான் இந்த ஊரின் மூலதனம். கடைகளில் நீங்கள் பார்க்கும் ராபின் ஹுட் மாவு 1909இல் பிறந்ததும் மூஸ் ஜாவின் ஆலையில்தான். ஆலை 1966இல் மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் பொட்டலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி ஊருக்கு வெளியே. என்னைக் கேட்டால் சுரங்கத்தைவிட்டுவிட்டு இங்கே போவேன். நெடுஞ்சாலை 2இல் தெற்கே 13 கிலோமீட்டர் போனால், புல்வெளி நடுவே ஒரு கப்பல் நிற்கும். கடல் எந்தப் பக்கம் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

டாம் சுகானென் பின்லாந்துக்காரர். அமெரிக்காவின் மினசோட்டாவில் மனைவி மக்களோடு இருந்தவர், 1911இல் அவர்களைவிட்டுக் கால்நடையாகவே சஸ்காட்செவனுக்கு வந்து மெக்ரோரி என்ற இடத்தருகே நிலம் பிடித்தார். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தைத் தேடித் திரும்ப நடந்தபோது மனைவி இறந்திருந்தார், பிள்ளைகளும் கைவிட்டுப் போயிருந்தார்கள். 1930களின் வறட்சியில், அக்கம்பக்கத்து விவசாயிகள் நிலத்தைவிட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, இவர் இரும்புத் தகடு வாங்கிக் கப்பல் கட்டத் தொடங்கினார். தெற்கு சஸ்காட்செவன் ஆற்றில் இறக்கி, ஹட்சன் விரிகுடா வழியாகப் பின்லாந்துக்குப் போவது திட்டம். ஆறு அவர் நிலத்திலிருந்து 27 கிலோமீட்டர். அதனால் அடிப்பகுதி, உடற்பகுதி, மேல்பகுதி என்று தனித்தனியாகச் செய்தார். தகட்டைக் கையால் அடித்து வளைத்தார். துருப்பிடிக்காமல் இருக்கக் குதிரை இரத்தம் பூசினார். சாப்பாடு கோதுமையும் குதிரை இறைச்சியும். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. கடைசியில் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1943இல் அங்கேயே இறந்தார். கப்பல் துண்டு துண்டாக வயல்களில் கிடந்தது. 1970களில் மூஸ் ஜா பக்கத்து ஆர்வலர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்து ஒன்றாக நிறுத்தினார்கள். அவருடைய உடல் எச்சத்தையும் கொண்டுவந்து கப்பலுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

உடற்பகுதியின் தகடுகளை அருகில் போய்ப் பாருங்கள். எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. சுத்தியல் பட்ட இடங்களில் விரலை வைத்தால் பள்ளம் தெரியும். ஒற்றை ஆள் செய்தது என்பதற்கு வேறு விளக்கப் பலகை வேண்டாம். அதே வளாகத்தில் பழைய பள்ளி, கடை, தேவாலயம், கொல்லன் பட்டறை என்று ஒரு கிராமமே பெயர்த்துவந்து வைக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் பிரதமராக இருந்த ஜான் டீபன்பேக்கர் சிறுவயதில் வாழ்ந்த பண்ணை வீடும் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் நேரமிருந்தால் தென்கிழக்கே க்ளேபேங்க் செங்கல் ஆலை. 1914 முதல் 1989வரை இயங்கி, பூட்டிய நாளில் இருந்தபடியே நிற்கும் தேசிய வரலாற்றுச் சின்னம். இங்கே சுட்ட, வெப்பம் தாங்கும் செங்கற்கள் நீராவி எஞ்சின்களின் அடுப்புக்கும், பிறகு கேப் கனாவெரல் ராக்கெட் ஏவுதளத்துக்கும் போயின. முகப்புச் செங்கற்கள் கியூபெக் நகரின் ஷாட்டோ ஃப்ரோன்டனாக் ஹோட்டலில் இருக்கின்றன. வட்டமான பத்துச் சூளைகள், குவிந்த கூரையோடு. உள்ளே நின்று மேலே பார்த்தால் தாங்கும் தூண் எதுவும் இல்லாமல் செங்கல் வளையம் வளையமாகக் குறுகிக்கொண்டே போகும். கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

சுகானென் வளாகமும் க்ளேபேங்க்கும் கோடையில்தான் திறந்திருக்கும். நேரத்தைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். ஒரே நாளில் என்றால் காலையில் நிலையம், மெயின் தெரு, நீதிமன்றம், மதியத்துக்குமேல் சுகானென். சுரங்கத்துக்குக் கோடை விடுமுறையில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில்தான் முடியும் என்றால் கப்பலுக்குப் பதிலாக நெடுஞ்சாலையருகே இருக்கும் வெஸ்டர்ன் டெவலப்மென்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ரயில் எஞ்சின், பழைய கார், விமானம் எல்லாம் கூரைக்கு அடியில், கதகதப்பாகப் பார்க்கலாம்.